பறித்தவர் பேர்

சீனத்து மலையொன்றிலிருந்து வந்த தேயிலை எங்கள் வெள்ளவத்தை வீட்டு மேசையில் ஒரு வாரமாகக் கிடந்தது. புளிக்க வைத்து, தோசை போல வட்டமாக அழுத்தி, காகிதத்தில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். உடைத்துக் குடிக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய மரத்து இலை என்று உறையில் பெரிதாக அச்சடிக்கிறார்கள். அதை யார் பறித்தார் என்று மட்டும் எவனும் சொல்வதில்லை. இந்தப் பூசி மெழுகல் எனக்கு ஆகாது. பறித்தவரின் பெயர் தெரிந்தால்தான் தொடுவேன் என்று விற்றவருக்கு ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, பல்கனிக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ரயில் சத்தத்தில் போன் அடிப்பது கேட்காமல் போய்விடுமோ என்று அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

மாலையில் பதில் வந்தது. கூடையோடு சிரிக்கும் ஒரு பெண்ணின் படம், கீழே பெயர்.

“பறிச்ச ஆளின்ர பேர் வந்திட்டுது!” என்று கத்தினேன்.

என் மனைவி ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள். அடுப்படியிலிருந்து கேட்டாள்: “முழுப் பேரா, அரைப் பேரா?”

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். பறித்த கொழுந்து நிறுவையில் குறைந்தால் அரைப் பேர்தான். இதை விற்றவரிடம் ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்று தடுமாறிக்கொண்டே படத்தை அவளிடம் நீட்டினேன்.

பார்த்தாள். “எங்கம்மா படத்தையும் இப்படித்தான் தேயிலைப் பெட்டியில போட்டாங்க. படம் புடிச்சதுல நேரம் போயி, அன்னைக்கு அவங்களுக்கு அரைப் பேரு.”