அண்ணி கேட்ட கேள்வி

அண்ணி அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் கையில் சோற்றுக் கரண்டி இருந்தது. அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. ரங்கூனில் லான்மடா பகுதியில் எங்கள் சங்கத்தின் கூடம் அன்று ஆண்களால் நிறைந்திருந்தது. மேடையில் தலைவரும், சங்கச் செயலாளரான என் கணவரும், இருவருக்கும் நடுவில் கழுத்தில் மாலையோடு ஒரு கறுப்பின மாலுமியும் உட்கார்ந்திருந்தார்கள். துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போடுகிறவர் அவர். அமெரிக்காவில் தம் மக்கள் சங்கம் கட்டியதையும், பட்டணத் தெருக்களில் கொடி பிடித்து ஊர்வலம் போவதையும் அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, என் கணவர் தமிழில் சொல்லிவந்தார். ஊரில் சேரிக்காரர்கள், ரங்கூனில் கூலிகள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் நாங்கள். கடலுக்கு அப்பாலும் நம்மைப் போன்றவர்கள் தலை நிமிர்ந்து நடக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பெண்கள் நாங்கள் சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தோம். அண்ணி மட்டும் கூடத்துக்குள் போய், "ஐயா, உங்க சங்கத்துல பொம்பளைங்க எங்க உக்காருவாங்க?" என்று கேட்டார்.

கூடமே திரும்பி அண்ணியைப் பார்த்தது. என் கணவர் குனிந்து மாலுமியிடம் ஏதோ சொன்னார். மாலுமி முகம் மலர்ந்து, வயிற்றைத் தடவிக்காட்டிப் பதில் சொன்னார். "மீன் குழம்பு எங்க அம்மா கைப்பக்குவம் மாதிரியே இருக்குன்னு சொல்றார்" என்றார் என் கணவர். எல்லோரும் கை தட்டினார்கள்.

அண்ணி கை தட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும், "நான் கேட்டது என்ன, நீ சொன்னது என்ன?" என்று தம்பியைப் பிடித்துக்கொண்டார். "விருந்தாளி முன்னால நம்ம வீட்டுச் சண்டை எதுக்குக்கா?" என்றார் என் கணவர்.

அண்ணி இளம் வயதில் கணவனை இழந்து, தம்பியோடு கப்பலேறி வந்து, அரிசி மில்லில் வேலை செய்தவர். மேஸ்திரிகள் கூலியில் பிடித்துக்கொள்வதை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தபோது, ஆண்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, மில் வாசலை மறித்துப் படுத்தவர்கள் அண்ணியும் அவர் திரட்டிய பெண்களும்தான். காவலாட்கள் அடித்த அடியில் அவருடைய இடது கை அதன்பிறகு தோளுக்கு மேலே எழும்பவேயில்லை. சங்கத்தின் கமிட்டியில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று அவர் கேட்டபோது தலைவர், "முதல்ல சாதி தொலையட்டும்மா. அதுக்கப்புறம் இதையெல்லாம் பாத்துக்கலாம்" என்று அன்பாகவே சொன்னார்.

மறுநாள் காலையில் அண்ணி, "வா புள்ள, போய்க் கேட்டுட்டு வருவோம்" என்று என்னையும் அழைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். மாலுமி எங்களை அடையாளம் கண்டுகொண்டார். பல வருஷம் இந்தியக் கப்பலாட்களோடு வேலை செய்ததில் அவருக்கு உடைந்த இந்துஸ்தானி வரும். அண்ணிக்கும் பஜார் இந்துஸ்தானி தெரியும். அதே கேள்வியைக் கேட்டார்.

மாலுமி சிரிக்கவில்லை. தம் மனைவி சங்கத்துக்காக வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தவள், ஊர்வலத்தில் வெள்ளை உடுப்போடு முன்வரிசையில் நடந்தவள் என்றார். முடிவெடுக்கும் அறைக்குள் மட்டும் அவளை விடவில்லையாம். ஒருநாள் அவளே கதவைத் தட்டினாளாம். உள்ளே இருந்தவர்களில் இவரும் ஒருவர். "நான் எழுந்து கதவைத் திறக்கவில்லை" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் வழியில் அண்ணி, "எங்கயாச்சும் ஒரு எடத்துல வேற மாதிரி இருக்கும்னு நெனச்சேன் புள்ள" என்றார். அடிபட்ட அன்றுகூட அவர் முகம் அப்படி வாடியதில்லை.

நாங்கள் துறைமுகத்தில் நின்றதை யாரோ பார்த்திருக்கிறார்கள். கப்பல்காரனைத் தேடிப் போனவள் என்ற பேச்சு அந்த வாரத்துக்குள் தெருவெல்லாம் பரவியது. வெள்ளைக்காரன் எங்களைப் பற்றிப் பேசினால் கொதித்தெழும் மனிதர்கள், இந்தப் பேச்சை வெற்றிலையோடு சேர்த்து மென்றார்கள். கூட்டம் போட்டு, அண்ணி இனிச் சங்கத்துக்குள் வரக்கூடாது என்றார்கள். நான் எழுந்து, "நானும்தான் கூடப் போனேன். என்னையும் சேத்து நீக்குங்க" என்றேன். "நீ செயலாளர் வீட்டம்மா. உன்னை யாரும்மா என்ன சொன்னா? உக்காரு" என்றார் தலைவர். நீக்குவதற்குக்கூட எனக்கென்று ஒரு பேர் அங்கே இல்லை. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி ரங்கூனுக்கு வெளியே இன்சீனுக்குக் குடிபோய், ரயில்வே பட்டறைக்காரர்களுக்குச் சோறு ஆக்கிப் பிழைத்தார். அடுத்த வேலைநிறுத்தம் வந்தபோது, கஞ்சி காய்ச்சப் பெண்கள் வேண்டும் என்று சங்கத்திலிருந்து ஆள் விட்டார்கள். போவதா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரே வாக்குவாதம். கடைசியில் ரயிலேறி அண்ணியிடமே போய்க் கேட்டோம்.

"காய்ச்சாம எப்படி இருப்பீங்க? நம்ம புள்ளைங்கதான பசியோட கெடக்கும்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா பானையக் கொண்டுபோய்க் கூடத்துக்கு நடுவுல எறக்குங்க. எறக்கிட்டு அங்கயே உக்காந்துக்குங்க. எந்திரின்னா எந்திரிக்காதீங்க" என்றார்.

அப்படியே செய்தோம். எழுந்து போகச் சொன்னார்கள். நாங்கள் அசையவில்லை. என் கணவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு தம் நாற்காலியை விட்டு இறங்கி, தட்டை எடுத்துவந்து எங்களோடு தரையில் உட்கார்ந்தார். பசி பொறுக்காத மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். அன்றைய பேச்சு முழுவதும் எங்களைச் சுற்றித்தான் நடந்தது. நாங்களும் பேசினோம்.

அண்ணியை மட்டும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அவர்மேல் போட்ட பழியையும் யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டத்தில் என்ன நடந்தது என்று சொல்ல மறுவாரம் நான் இன்சீனுக்குப் போனேன். ஒவ்வொருத்தியும் என்ன பேசினாள் என்று பேர் பேராகக் கேட்டுக்கொண்டார். தன்னைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா என்று அவர் கேட்கவேயில்லை.