கடைசி வரியில் நின்ற லேத்

எண்பதுகளின் கடைசியில், கரிவலம் ரோட்டில் இருந்த எங்கள் லேத் பட்டறைக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் லேத் வந்தது. ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்று பேச்சு. டைப்ரைட்டிங் படித்திருந்ததால் புரோகிராம் அடிக்கிற வேலை எனக்கு வாய்த்தது. அடுப்படியிலிருந்து என்னைக் கிளப்பிய மெஷின் அது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

என் வீட்டுக்காரருக்கோ அதைக் கண்டாலே எரிச்சல். கடைந்து முடித்த விசைத்தறி ஷாஃப்ட்டை, அது சுழலும்போதே எமரி தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் வழக்கம். இவர் தாளை மடித்துக்கொண்டு கிட்டே போவார். ஷாஃப்ட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் பொசுக்கென்று நின்றுவிடும்.

"சீக்குக் கோழிய நம்ம தலையில கட்டிட்டான். நாளைக்கே லாரில ஏத்துதேன்" என்றார்.

"ஒரு நாள் பொறுங்க. நான் பாக்குதேன்" என்றேன்.

ஃபியூஸ், பெல்ட் எல்லாம் பார்த்தாயிற்று. கரண்டும் ஒழுங்காக இருந்தது, எங்கள் ஊரில் அதுவே அதிசயம். மோட்டார் சூடேறி நிற்கிறதோ என்று நீளமான வேலையாகக் கொடுத்தேன். சளைக்காமல் ஓடி, முடித்துவிட்டுத்தான் நின்றது. சின்ன வேலையிலும் முடிவில்தான் நின்றது. அப்போதுதான் பொறி தட்டியது. புரோகிராமை முடிக்கும் கடைசி வரிக்கு முன்னால், கொஞ்ச நேரம் காத்திரு என்று ஒரு வரி சேர்த்தேன். காத்திருந்த நேரமெல்லாம் ஸ்பிண்டில் சுற்றியது. கடைசி வரிக்கு வந்ததும் நின்றது.

அப்படியென்றால் ரிப்பேரே இல்லை. வேலை முடிந்தது என்று நான்தான் சொல்கிறேன், அது கேட்டு நிற்கிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"இப்ப சுத்துதுல்லா, அந்த வரி அப்படியே இருக்கட்டும். அதுக்குள்ள நான் தாள் போட்டுக்கிடுதேன்" என்றார் அவர்.

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். தாளைப் பிடித்திருந்த அவர் கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால், பழைய லேத்தில், இதே எமரி தாள் சுருட்டி இழுத்துக்கொண்டு போன விரல்.

எந்த ஊர்க்காரனோ, எங்களைக் கண்ணால் பார்க்காதவன், வேலை முடிந்ததும் ஒரு கை உள்ளே வரும் என்று யோசித்து இதைச் செய்திருக்கிறான். நான் சேர்த்த வரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஸ்பிண்டில் முழுசாக நிற்கும் வரை அவரைக் கிட்டே விடவில்லை.

"இப்பத் தொடுங்க" என்றேன்.

அந்த அரை விரலால் ஷாஃப்ட்டை நெடுக்கத் தடவினார். தாள் போடாமலே வழவழவென்றிருந்தது. எமரி தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். லாரிப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.