எல்டன் வாவ்ராவின் புள்ளிக்கு முளைத்த வால்

எல்டன் வாவ்ரா நான்காவது முறையாக அட்டைப்பெட்டியோடு என் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தார்.

"ரோண்டா, இதுவும் டப்பா. சிவப்புப் புள்ளின்னு சொல்லிக் குடுத்தே. வால் முளைச்சிருக்கு!"

எல்டன் வார நாட்களில் மக்காச்சோள லாரி ஓட்டுபவர். ஞாயிறானால் எங்கள் கிளப்பில் சின்ன ரைஃபிளால் இரும்புத் தட்டுகளைச் சுட்டுத் தள்ளுவார். இதெல்லாம் நெப்ராஸ்காவில் எல்லாரும் செய்வதுதான். சனிக்கிழமைதான் அவர் பெரிய மனிதர். பெண் பிள்ளைகளின் சாஃப்ட்பால் ஆட்டத்துக்கு இருபத்தாறு வருடமாக அவர்தான் அம்பயர். பெற்றோர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் மனிதர் மசிய மாட்டார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்தச் சனிக்கிழமைதான் அவருக்குத் துணை. அடுத்த வருடம் யார் அம்பயர் என்று அந்த வாரம்தான் சாஃப்ட்பால் கமிட்டி முடிவு செய்யப் போகிறது.

முதலில் சின்னப் புள்ளி சைட் கொடுத்தேன்; துப்பாக்கி மேல் மாட்டிப் பார்த்தால் குறி வைக்க ஒரு ஒளிப்புள்ளி தெரியும். கால்புள்ளி மாதிரி இருக்கிறது என்று திரும்பி வந்தார். பெரிய புள்ளி கொடுத்தேன். திராட்சைக் கொத்தாம். பச்சைப் புள்ளி பரவாயில்லையாம், ஆனால் நசுங்கிய பட்டாணியாம். வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள் என்றால், வெயிலில் புள்ளியே காணோம் என்று என்மேல் பாய்ந்தார். நான்காவதாகக் கொடுத்த சிவப்புப் புள்ளிதான் இப்போது பெட்டியில்.

கோளாறு எதில் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். ஆஸ்டிக்மாட்டிசம். விழி சீரான உருண்டையாக இல்லாமல் கொஞ்சம் நெளிந்திருந்தால் ஒளிப்புள்ளி இழுபட்டுத்தான் தெரியும்.

"கண் டாக்டரப் பாருங்க எல்டன்."

"என் கண்ணையா சொல்றே? நான் அம்பயர்!"

சைட் வழியே போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினேன். புள்ளி முத்து மாதிரி உருண்டையாக இருந்தது.

"போன் பொய் சொல்லுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சைட்டை மட்டும் கையில் கொடுத்தேன். "அந்தச் சுவத்துல மாட்டியிருக்கற மான் தலையோட மூக்கைப் பாருங்க. இப்ப சைட்டைத் திருப்புங்க. வாலும் சுத்துதா?"

"இல்ல. அப்படியேதான் இருக்கு."

"இப்ப கவுண்டர் மேல ஒருக்களிச்சுப் படுங்க."

அறுபத்தொரு வயது மனிதர் முனகிக்கொண்டே ஏறிப் படுத்தார். சைட்டைக் கண்ணில் வைத்து மறுபடி மானைப் பார்த்தார். "ரோண்டா... வால் என்கூடவே சாயுதும்மா" என்றார். குரல் இறங்கிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது, ஆனால் சிரிப்பையும் அடக்க முடியவில்லை.

சரியாக அந்த நேரம் பார்த்து ஜோலின் போகோர்னி உள்ளே வந்தாள். ஒரு அணியின் பயிற்சியாளர், கமிட்டித் தலைவியும் அவளேதான்.

"யோவ் எல்டன், கவுண்டர் மேல என்னய்யா பண்றீர்?"

எல்டன் இறங்கினார். முகம் வெளுத்துவிட்டது. ஏதாவது கதை விடுவார் என்று நினைத்தேன். விடவில்லை.

"என் கண்ணு கோணல், ஜோலின். ரொம்ப நாளாவே இருந்திருக்கும் போல. அம்பயருக்கு வேற ஆளப் பாத்துக்கோ."

ஜோலின் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இத இப்பத்தான் கண்டுபிடிச்சீரா? ஊருக்கே தெரியுமே! ஆனா ரெண்டு பக்கத்துக்கும் சமமா தப்பு பண்ற ஆளு நீர் ஒருத்தர்தான். அதுக்குத்தானே உம்மையே கூப்பிடறோம்? அடுத்த வருஷமும் நீர்தான். அதச் சொல்லத்தான் வந்தேன்."

எல்டன் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "அப்ப... கண்ணாடி போட்டுக்கட்டுமா?"

"தாராளமா. கத்துறவங்க எப்படியும் கத்துவாங்க."

நான் அலமாரியிலிருந்து ப்ரிஸம் சைட்டை எடுத்து நீட்டினேன். கொஞ்சம் கனம், கண்ணைக் கிட்ட வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் இதில் குறி கண்ணாடியிலேயே செதுக்கப்பட்டிருக்கும், வால் முளைக்காது. இதை முதல் நாளே கொடுத்திருக்கலாம். கண்ணில் கோளாறு என்று ஒப்புக்கொண்டால்தானே கொடுப்பது?

எல்டன் அதைக் கண்ணோடு ஒட்ட வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் மானையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குறி தெளிவாத் தெரியுதா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா" என்று மூக்கை உறிஞ்சினார். "இப்ப எதுவுமே தெரியல."