கராஜ் பிரிட்ஜில் ஒரு பீப்பாய்

எங்கள் வீட்டில் இரண்டு பிரிட்ஜ். குசினியில் இருப்பது குடும்பத்துக்கு, கராஜில் நிற்கும் பழையது என் மனைவிக்கு. சிட்னியில் எங்கள் பென்டில் ஹில் கடைகளில் முருங்கைக்காய் மலிந்தாலும் மாம்பழம் மலிந்தாலும் அதற்குள்தான் வந்து சேரும்.

வீட்டில் பியர் காய்ச்சப் பழகிய புதிதில் போத்தல்களில் அடைத்தேன். கழுவிக் கழுவிக் கை வெளிறியதுதான் மிச்சம். ஆகவே கெக் என்று இங்கே சொல்லும் உருக்குப் பீப்பாயும், அதற்குக் காஸ் ஏற்றும் சிறு சிலிண்டரும் வாங்கினேன். வாங்குவதற்கு முன் பிரிட்ஜை அளந்திருக்க வேண்டும். எனக்குப் புத்தி எப்போதும் பிந்தித்தான் வரும். தட்டுகளைக் கழற்றி, மனைவியின் சாமான்களை வெளியேற்றிப் பீப்பாயை உள்ளே நிறுத்தினால், சிலிண்டர் இடித்துக் கதவு மூட மறுத்தது. நான் இடுப்பில் உடுத்துப் பழசாகிப்போன சாரத்தால் பிரிட்ஜைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

"இதென்ன, பிள்ளை பெத்தவளுக்கு வயித்துக் கட்டுப் போட்ட மாதிரி?" என்றாள் மனைவி. பிறகு தீர்ப்பும் சொன்னாள். "சனிக்கிழமை உங்கட சிநேகிதர்மார் வருகினம்தானே. ஆராவது ஒராள் ரெண்டாவது கிளாஸ் கேக்கட்டும், பிரிட்ஜ் உங்களுக்கு. ஒருத்தரும் கேக்காட்டி, என்ர சாமான் உள்ள, உங்கட பீப்பா வெளிய."

சம்மதித்தேன். மேற்கு சிட்னி வெயிலில் பிரிட்ஜ் இல்லாத பீப்பாயை வைத்து நான் என்ன செய்வது?

சனிக்கிழமை நெருப்பாய் எரித்தது. சாரம் கதவைப் பிடித்ததே தவிரக் குளிரைப் பிடிக்கவில்லை. பீப்பாயின் குழாயைத் திறந்தால் கிளாஸ் நிறைய நுரை. வந்த மூவரில், வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் சிநேகிதன் கிளாஸை உயர்த்திப் பார்த்தான்.

"மச்சான், இது குடிக்கிறதுக்கோ, ஷேவ் எடுக்கிறதுக்கோ?"

நுரை அடங்கும்வரை காத்திருந்து குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு" என்றான். எங்கள் ஆட்கள் அடுத்தவர் வீட்டில் எதைக் கொடுத்தாலும் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். அந்த வாயை நம்பக்கூடாது, கையைப் பார்க்க வேண்டும். நான் மறுபடி ஊற்றப் போனபோது அவன் கிளாஸை உள்ளங்கையால் மூடினான். "காணும் மச்சான், காணும்." மற்ற இருவரும் மூடினார்கள். எனக்கு வந்த கொதிக்கு அளவில்லை.

மனைவியின் தீர்ப்பை அவர்களுக்குச் சொல்லிவிட்டு, பீப்பாயை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று யோசித்துக்கொண்டிருக்கையில் மனைவி ஒரு கிண்ணத்தோடு வந்தாள். இரவுக்கு அப்பம். ஈஸ்ட் பழையதாம், மா அசையவே இல்லையாம்.

"கடைக்கு அனுப்புவம் எண்டால் எல்லாரும் குடிச்சிட்டு இருக்கிறியள். உதுக்குள்ள ஈஸ்ட் உயிரோட கிடக்குமோ?"

"வடிக்காத பியர். தாராளமாக் கிடக்கும்."

"அப்பத்துக்குக் கள்ளு விடுறதுதானே. விட்டுத்தான் பாப்பம்."

ஒரு கிளாஸ் பிடித்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

"அது காணாது. இன்னொரு கிளாஸ் தாங்கோ."

நர்ஸ்தான் முதலில் எழும்பினான். "அக்கா! ரெண்டாவது கிளாஸ்!"

"நான் என்ன குடிக்கவோ கேட்டனான்?"

"கேட்டது கேட்டதுதான்" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், குடியுரிமை கிடைத்த அன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

இரவு அப்பம் பூப்போல வந்தது. கிளாஸை மூடிய அதே ஆட்கள் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டி நீட்டி வாங்கினார்கள். மனைவி சுட்டுச் சுட்டுப் போட்டாள். பிரிட்ஜ் எனக்கே என்றாகிவிட்டது.

மறு வாரம் சிலிண்டரை வெளியே நிறுத்திக் காஸ் குழாயை மட்டும் உள்ளே விட்டேன். கதவு மூடியது, பியர் ஜில்லென்று ஆனது. எனக்கென்று ஒரு கிளாஸ் ஊற்றிக்கொள்ளக் கராஜுக்குப் போனேன். பிரிட்ஜ் கதவு திறந்த சத்தம் குசினிக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"இஞ்சருங்கோ, அதில தொடாதேங்கோ! நாளைக்குப் பத்துப் பேர் அப்பத்துக்கு வருகினம்."