நிலையம் செய்த பாவம், மெக்கானிக் தலையில்

ரேடியோ ரிப்பேர்த் தொழிலில் வால்வு போனால் வால்வை மாற்றுவார்கள். நிகழ்ச்சி போனால் மெக்கானிக்கை மாற்றுவார்கள்.

ரேடியோவை நம்பிக் காலைக் காப்பியை ஆறவிட்டவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சி. போன வாரம் வரை நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு நிகழ்ச்சியைப் பட்டணத்தில் யாரோ ஒரு மகானுபாவர் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எடுத்துவிடுவார். அந்த இடத்தில் யாருக்கும் வேண்டாத ஒரு பேச்சைப் போடுவார். உங்களுக்கு அன்றைய பொழுது கெடும். எனக்குக் கைராசி கெடும். டாக்டருக்கும் மெக்கானிக்குக்கும் கைராசிதான் முதல், படிப்பெல்லாம் அப்புறம். திருவள்ளூரில் என் முதல் கடை கைராசி போய்த்தான் மூடியது. இரண்டாவது கடையைக் கும்மிடிப்பூண்டி ரயிலடிக்கு எதிரில் போட்டேன். அங்கேயும் பேர் கெட்டால் அதற்கு அப்பால் ஆந்திராதான். தெலுங்கிலும் திட்டு வாங்க எனக்குத் தெம்பில்லை.

பாட்டுக்குப் பின்னால் கோழி

அறுபதுகளின் கடைசி. திருவள்ளூரில் என் கடைக்கு அடுத்த தெருவில் கோயில் கைங்கரியம் செய்யும் சுவாமி ஒருவர் இருந்தார். காலையில் வீட்டுப் பெருமாளுக்குத் தளிகை சமர்ப்பிக்கும்போது ரேடியோவில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது அவர் வழக்கம். நிலையத்தார் ஒரு நாள் அந்தப் பாட்டுகளைப் பாதியாக நறுக்கிவிட்டு, மீதி நேரத்தைக் கோழி வளர்ப்புக்குக் கொடுத்தார்கள். சுவாமி கண்ணை மூடித் தளிகை காட்டிக்கொண்டிருக்க, எந்த ஜாதிக் கோழி எத்தனை முட்டை இடும் என்று ஒரு குரல் அவர் பூஜையறைக்கே வந்து விளக்கம் சொல்லியிருக்கிறது.

அன்றைக்கே ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பாட்டு முடிந்ததும் தானாக வாயை மூடிக்கொள்ளும்படி உள்ளே ஏதாவது ஒன்றை வைத்துத் தர வேண்டுமாம். "குமிழைத் திருகினால் நின்றுவிடுமே சுவாமி" என்றேன். பூஜைக்குக் குளித்து மடியாக இருக்கும்போது குமிழைத் தொடக் கூடாதாம். அப்படி ஒரு கருவி எங்கேயும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பரிசு, அவர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே போன இந்த வார்த்தை: "கோழி வராம ஒரு வேலி கட்டத் தெரியலை, இவனுக்கு மெக்கானிக்னு போர்டு ஒரு கேடு!"

குரல் இளைத்த கதை

கும்மிடிப்பூண்டிக்கு வந்த பிறகு நடந்தது இது. பெரியபாளையம் போகிற வழியில் நெல் பயிரிடும் சுப்பையா நாயுடு எனக்கு நல்ல வாடிக்கை. சாயங்கால விவசாய நிகழ்ச்சியைத் தவற விடமாட்டார். அதில் பேசிக்கொண்டிருந்த பெரியவருக்குக் களத்துமேட்டில் நின்று கூப்பிட்டால் ஏரிக்கரைக்குக் கேட்கிற குரல். அவரை எடுத்துவிட்டு மூக்கால் பேசும் ஒரு வாலிபரைப் போட்டார்கள். அவர் யூரியா என்று சொன்னால் தும்மல் போட்டது மாதிரி இருக்கும். என் கெட்ட காலம், அதே வாரம்தான் நாயுடுவின் ரேடியோவில் நான் ஒரு கண்டென்சரை மாற்றியிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் நிகழ்ச்சி நேரத்துக்கே ரேடியோவை வேட்டியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். "நேத்து வரைக்கும் ஆம்பள கொரலா இருந்துச்சி நைனா. நீ கை வெச்சே, எளைச்சிப் பூட்ச்சி" என்றார். ஆளையே மாற்றிவிட்டார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். நம்பினால்தானே? கவரைப்பேட்டையில் புதிதாக ரேடியோக் கடை போட்டிருந்த தனபால் வேறு, என் கை பட்ட ரேடியோவுக்கெல்லாம் சளி பிடிக்கும் என்று வருகிறவன் போகிறவனிடம் ஓதிக்கொண்டிருந்தான். சரி, காதால் கேட்டாவது தெளியட்டும் என்று கடையிலிருந்த என் சொந்த ரேடியோவைப் போட்டுக் காட்டினேன். அதே மூக்கு, அதே தும்மல். நாயுடு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுலயும் நீதானே கை வெச்சிருப்பே?"

சோற்று நேரத்தில் சிறுசேமிப்பு

அப்போது எங்கள் பக்கம் இரும்பு ஆலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்றின் கேன்டீனுக்கு ரேடியோவும் ஒலிபெருக்கியும் நான்தான் பொருத்தினேன். மத்தியானச் சாப்பாடும் சினிமாப் பாட்டும் ஒரே நேரத்தில் வரும். உலைக்கு முன்னால் வெந்துவிட்டு வருகிறவனுக்கு அந்தப் பாட்டு நீர்மோர் மாதிரி. பொறுக்குமா பட்டணத்துக்காரர்களுக்கு? பாட்டை அரை மணி நேரம் தள்ளி வைத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் சிறுசேமிப்பைப் பற்றி ஒருவர் பேச ஆரம்பித்தார். மாசம் பாதி தாண்டுவதற்குள் சம்பளத்தைத் தொலைத்தவர்கள் அந்தப் பேச்சைத் தொட்டுக்கொண்டு சாம்பார் சோறு தின்றார்கள். வேலைக்குத் திரும்பும் சங்கு ஊதியதும் காலி பெஞ்சுகளுக்காக டூயட் ஓடும்.

வெல்டர் மூர்த்தி எல்லோர் சார்பிலும் மேனேஜரிடம் போய்ச் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளி வைக்கச் சொன்னார். மேனேஜர் ஆலையை நடத்தும் அழகைப் பாருங்கள்: ரேடியோக்காரனைக் கூப்பிட்டுப் பாட்டை முன்னால் கொண்டுவரச் சொல் என்றாராம். நான் போய், என்னால் ஆகாது, நிலையத்துக்கு எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள். நேயர்களின் விருப்பத்துக்கு இணங்கியே நேரம் மாற்றப்பட்டது என்று பதில் வந்தது. மூர்த்தி அதைக் கேன்டீனில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். பிறகு என் தோளில் கை போட்டுக் கேட்டார்: "அந்த நேயரு எந்த ஊர்ல கீறான்னு மட்டும் சொல்லு வாத்யாரே, நாங்க நாலு பேரு போயி பாத்துட்டு வர்றோம்."

தாழ்ப்பாள் போட்ட பிறகு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒலிச்சித்திரம் வரும். சினிமாவைக் கண்ணுக்குப் பதில் காதால் பார்ப்பது. அதன் நேரத்திலும் கத்தரி வைத்தார்கள். திங்கட்கிழமை காலை மீஞ்சூரிலிருந்து ஒரு அம்மாள் டிரான்சிஸ்டரும் கையுமாக ரயிலேறி வந்தார். கதாநாயகி தனியாக இருந்த அறைக்குள் வில்லன் வந்து தாழ்ப்பாள் போட்டானாம், உடனே செய்தி ஆரம்பித்துவிட்டதாம். பேட்டரி தீர்ந்திருக்கும், புதுசு போட்டு மீதிக் கதையை வரவழைத்துக் கொடு என்றார். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. மீதியை இனிமேல் போடமாட்டார்கள் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தப் பொண்ண அந்த ரூம்லயே வுட்டுட்டு நான் எப்டிப்பா ஊட்டுக்குப் போயி சோறாக்குறது?"

சிவப்புப் புள்ளி

எங்கள் பக்கத்தில் ரேடியோ முள்ளுக்கு அடியில் இருக்கும் எண்களை யாரும் படிப்பதில்லை. அதனால் ரிப்பேருக்கு வரும் ஒவ்வொரு பெட்டியிலும், பட்டணத்து நிலையம் எடுக்கும் இடத்தில், என் மனைவியின் நகப்பாலீஷைத் தொட்டுக் கண்ணாடி மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுப்பேன். முள்ளைப் புள்ளிக்குக் கொண்டுவந்தால் போதும், குழந்தைகூட நிலையம் பிடிக்கும். எனக்கு அது ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி. எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் அலைவரிசையை மாற்றுகிறோம் என்று நிலையத்தையே முள்ளில் வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். முன்கூட்டியே ரேடியோவில் அறிவித்தார்களாம். அறிவிப்பைக் காது கொடுத்துக் கேட்கும்படி அவர்கள் யாரை விட்டுவைத்திருந்தார்கள்?

மறுநாள் நான் கடை திறக்கும் முன்பே வாசலில் கூட்டம். கூடையில், பையில், இடுப்பில் என்று எங்கே பார்த்தாலும் ரேடியோ. எல்லாவற்றிலும் என் புள்ளி. புள்ளியில் வெறும் கொர்ர்ர். நாஷ்டாகூடத் தின்னாமல் கவரைப்பேட்டையிலிருந்து தனபாலும் வந்து நின்றான். "பாத்தீங்களா? இந்தாளு வெச்ச புள்ளியே பொய்யி. டப்பு வாங்கிக்கினு ஊர ஏமாத்திக்கீறான். எங்கிட்ட குடுங்க, நான் சரி பண்ணித் தரேன்" என்று கத்தினான். இரண்டு பேர் அப்போதே ரேடியோவை அவன் பக்கம் நீட்டினார்கள். திருவள்ளூரில் கடைச் சாவியைத் திருப்பிக் கொடுத்த நாள் கண் முன்னால் வந்து நின்றது.

முன்னால் நின்ற முனியம்மாவின் டிரான்சிஸ்டரை வாங்கிப் புள்ளியைச் சுரண்டப் போனேன். முனியம்மா ரயிலடியில் இட்லி விற்பவள், போலீஸ்காரனிடமும் கடன் சொல்லாதே என்று சொல்கிறவள். வெடுக்கென்று டிரான்சிஸ்டரைப் பிடுங்கிக் குமிழை அவளே திருகினாள். முள் கொஞ்சம் நகர்ந்ததும் நிலையம் கிடைத்துவிட்டது. குடும்பத்தைச் சிக்கனமாக நடத்துவது எப்படி என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். முனியம்மா கொஞ்சம் கேட்டாள். பிறகு தனபாலைப் பார்த்துத் திரும்பினாள். "யோவ், புள்ளி வெச்ச எடத்துலயேதான்யா கீது. எடத்த வுட்டு ஓடிப்பூட்டது ரேடியோ ஸ்டேஷன்காரன். அதுக்கு இந்தாள இன்னாத்துக்குப் பேஜார் பண்றே?"

கூட்டம் ஓவென்று சிரித்தது. நீட்டிய இரண்டு ரேடியோவும் திரும்பி வந்தன. தனபால் எந்த வண்டியில் ஊர் திரும்பினான் என்று நான் கவனிக்கவில்லை, கவனிக்கும் நிலையிலும் இல்லை. நன்றி சொல்லத் தெரியாமல், புதுப் புள்ளியை இலவசமாக வைத்துத் தருகிறேன், எல்லோரும் கொடுங்கள் என்றேன். முனியம்மா முள்ளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். மறுபடியும் கொர்ர்ர். அதைக் காதோரம் வைத்துக்கொண்டு நடந்தாள். பாதிப் பேர் தலையாட்டியபடி ரேடியோவைக் கட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள். போகிறபோது அவள் சொன்னது இதுதான்: "வேணாம்பா, வுட்டுடு. இந்தக் கொர்ரே தேவல, நமக்குப் புத்தி சொல்லாம கீது!"

முனியம்மா புண்ணியத்தில் என் கைராசி பிழைத்தது. ஆனால் கேட்கவே பிடிக்காத ரேடியோவை எவனும் ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு வரமாட்டான் என்பது அது பிழைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.