சிக்னல் வரைந்தவள்

என் மனைவிக்கு வேலை படம் வரைவது என்று சொன்னால், வீட்டுக்கு வருகிறவர்கள் உடனே சுவரைப் பார்ப்பார்கள். அவள் வரைகிற படத்தைச் சுவரில் மாட்ட முடியாது. கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற கம்பெனி ஒன்றில், திரையின் ஓரத்தில் வருகிற பிரேக், ஹாரன், கதவு, கடிகாரம், இந்தச் சின்னப் படங்கள் எல்லாம் அவள் கைவேலை. சரியாக இருந்தால் ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு கோடு பிசகினால் ஊரே வந்து கேட்கும். நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன், என் பிழைப்பும் அதே ரகம்தான். நாங்கள் ஒத்துப்போவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

அவர்கள் செய்த விளையாட்டு ரயில் ஓட்டுவது. சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. டிரைவர் அறையில் உட்கார்ந்து சிக்னல் பார்த்து, வேகம் பார்த்து, நேரத்துக்கு ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இதற்கென்றே உலகம் முழுக்கப் பைத்தியங்கள் இருக்கிறார்கள். ரயில் மூன்று மணி நேரம் போனால் அவர்களும் மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். என் மச்சான், அதாவது அவளுடைய தம்பி, அந்தக் கூட்டத்துக்குத் தலைவனாக இருந்திருக்க வேண்டியவன்.

வீட்டில் அவனுக்குப் பெயரே டிரைவர். நடக்கப் பழகியதும் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஓட்டினானாம். வளர்ந்த பிறகும் அந்தப் பித்து தெளியவில்லை. ரயில்வேக்கு எழுதினான், பாஸ். ஓடச் சொன்னார்கள், ஓடினான். காது பார்த்தார்கள், நல்ல காது. கடைசியாகக் கண். டாக்டர் ஒரு புள்ளிப் புத்தகத்தைத் திறந்து, என்ன நம்பர் தெரிகிறது என்று கேட்டார். வெறும் புள்ளிதான் தெரிகிறது என்றான் இவன். அடுத்த பக்கத்திலும் புள்ளி. அதற்கடுத்ததிலும் புள்ளி. சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஒரே மண் நிறம் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது, அவனுக்கும் சேர்த்து.

"தெருவுல சிக்னல் பாத்துதானே சார் வண்டி ஓட்டறேன். மேல எரிஞ்சா சிவப்பு, கீழ எரிஞ்சா பச்சை" என்று வாதாடியிருக்கிறான்.

"ராத்திரி, பனி. தூரத்துல ஒரே ஒரு விளக்குதான் தெரியும். அது மேல இருக்கா கீழ இருக்கான்னு யார்கிட்டப் போய்க் கேப்ப?" என்றாராம் டாக்டர்.

டாக்டரைத் திட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை, பின்னால் ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டு வருகிறார்கள். அன்றோடு டிரைவர் என்ற பெயர் வீட்டில் நின்றுபோயிற்று. கூப்பிட ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. அவன் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தான். "கறுப்பு வெள்ளைதான் மாமா, இங்க வம்பே இல்ல" என்று என்னிடம் சிரித்தான். 

இந்தக் குறை அம்மா வழியாக வருவது. அக்காவுக்கு அது வரவில்லை, பெண்களை அது பெரும்பாலும் விட்டுவிடும். என் மனைவிக்கு அதுதான் ஆறவில்லை. "ஒரே வயித்துல பொறந்தோம். எனக்குக் கண்ணு முழுசா வந்துச்சு, நான் கலரை வச்சுச் சாப்பிடறேன்" என்பாள்.

ரயில் விளையாட்டு வேலை அவர்கள் ஆபீசுக்கு வந்தபோது, அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "இதுல பின்னாடி யாரும் உக்காந்திருக்க மாட்டாங்க. அவன் ஓட்டலாம்" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். தம்பி ஒரு தடவையாவது வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒழுங்காக ஒரு ஸ்டேஷனில் நிறுத்த வேண்டும்.

பாதி வேலை முடிந்ததும் ஆபீஸ் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து அவனை உட்கார வைத்தாள். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளப்பினான். விளையாட்டில் ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரே ஒரு விளக்கு, அதுவே நிறம் மாறும். மூன்றாவது கம்பத்தில் சிவப்பைத் தாண்டிப் போய் ஒரு சரக்கு ரயிலில் மோதினான். லேப்டாப்பை மெதுவாக அக்கா பக்கம் நகர்த்தி வைத்தான்.

"இங்கயும் அதே விளக்குதான்க்கா."

மறுநாள் அவள் மேலாளரிடம் போனாள். அவரை ஆபீசில் எல்லோரும் அவசரம் என்றுதான் சொல்வார்கள். காலை வணக்கத்தைக்கூட அவசரமாகச் சொல்கிற மனிதர். சிவப்புக்கு ஒரு குறுக்குக் கட்டை, மஞ்சளுக்கு முக்கோணம், பச்சைக்கு வட்டம் என்று நிறத்தோடு வடிவமும் வைக்கலாம், வேண்டுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்றாள்.

"நிஜ ரயில்ல அவங்களை ஓட்ட விடறதில்லையேம்மா. நம்ம விளையாட்டு நிஜம் மாதிரி இருக்கணும்னுதானே ஆளுங்க வாங்கறாங்க" என்றார் அவசரம்.

"நிஜ ரயில் மோதினா ஆள் சாவாங்க சார். இதுல மோதினா மறுபடியும் தொடங்கலாமான்னு கேக்கும்."

அதற்கு அவர் சிரித்தாராம், ஆனால் வடிவம் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து வேறொன்று கிடைத்தது. விளையாட்டு விற்கிற பெரிய இணையக் கடையில், நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கு வசதி உண்டா என்று கேட்டிருந்தார்கள். உண்டு என்று போட்டாக வேண்டும். அவசரம் புரோகிராமரைக் கூப்பிட்டார், அவரும் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார். பொத்தானை அமுக்கினால் திரை முழுக்க நிறம் மாறும். அதைப் பார்த்து எல்லோரும் கை தட்டினார்களாம். மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

"போட்டாச்சா?" என்று கேட்டான்.

"போட்டாச்சுடா."

"ஒண்ணும் மாறலையே."

அவனுக்கு எப்படி மாறும்? நிறம் தெரியாதவன் கண்ணுக்கு உலகம் எப்படி இருக்குமோ, அதை நல்ல கண் உள்ளவர்களுக்குக் காட்டுகிற வடிகட்டியை எங்கிருந்தோ எடுத்து, அதையே வசதி என்று வைத்துவிட்டார்கள். நொண்டிக்கு ஊன்றுகோல் கேட்டால், ஊரே இவனோடு சேர்ந்து நொண்டிக் காட்டிய கதை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதன் பிறகு நானும் நிறுத்திக்கொண்டேன்.

இனி கேட்டுப் பயனில்லை என்று அவளே இறங்கினாள். ஆபீஸ் வேலை ஆபீசில். சாப்பாட்டு மேஜையில் தட்டை எடுத்ததும் இந்த வேலை. கட்டை எவ்வளவு தடிமன் இருந்தால் ஓடுகிற வண்டியிலிருந்து தெரியும், முக்கோணம் தூரத்தில் வட்டம் மாதிரி தெரிகிறதா, இதையெல்லாம் வரைந்து வரைந்து தம்பிக்கு அனுப்புவாள். அவன் கடையிலிருந்தே பதில் அனுப்புவான். புரோகிராமர் நல்ல மனிதர், வடிகட்டி விஷயத்தில் கொஞ்சம் வெட்கப்பட்டவர். அவசரத்துக்குத் தெரியாமல் அவள் வடிவங்களை உள்ளே சேர்த்துக் கொடுத்தார். தெரிந்தபோது அவசரம், இணையக் கடைக்குக் காட்ட ஒன்று ஆயிற்று என்று விட்டுவிட்டார்.

விளையாட்டு வெளியான ஞாயிற்றுக்கிழமை மச்சான் எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஓட்டினான். கட்டையைக் கண்டு நின்றான், வட்டத்தைக் கண்டு போனான். முக்கோணம் வந்தால், சொல்லிக் கொடுத்த பிள்ளை மாதிரி வேகத்தைக் குறைத்தான். கடைசி ஸ்டேஷனில் பிளாட்பாரக் கோட்டில் வண்டியின் மூக்கு வந்து நின்றது. என் மனைவி அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். கழுவ அங்கே பாத்திரம் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. அந்த விளையாட்டில் பொதுத்தடம் என்று ஒன்று உண்டு. பல ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் அவரவர் வண்டியை ஓட்டுவார்கள். முன்னால் போகிறவன் தாமதித்தால் பின்னால் வருகிறவனுக்கும் தாமதம். அதில் இவனுக்கு ஒரு கூட்டம் சேர்ந்தது. இன்றைக்கு விரைவு வண்டி நீ எடு, சரக்கு நான் எடுக்கிறேன் என்று முகம் தெரியாத ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தான். நேரத்தில் கொண்டுவந்து சேர்ப்பதில் கெட்டிக்காரன் என்று பெயரும் வந்தது. ஒருநாள் வாய் தவறி, "என்ன டிரைவர், சாப்பிட்டாச்சா" என்று கேட்டுவிட்டேன். "ஆச்சு மாமா" என்றான், சாதாரணமாக.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதான் தாழி உடைய வேண்டுமா?

பனி பெய்கிற பாதையில் நிற விளக்கு பனிக்குப் பின்னால் மங்கித் தெரியும். இவள் வரைந்த வடிவங்களைப் புரோகிராமர் கவனிக்காமல் பனிக்கு முன்னால் வைத்துவிட்டார். அதனால் வடிவம் வெகுதூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. இது மச்சானுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. கண் நன்றாக இருக்கிற சில கெட்டிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். வடிவத்தைப் போட்டுக்கொண்டு பனியில் கண்மண் தெரியாமல் பறந்தார்கள். நேரக் கணக்கில் அவர்களிடம் தோற்றவர்கள் கத்தினார்கள். வடிவம் போட்டவன் எல்லாம் ஏமாற்றுக்காரன் என்று எழுதினார்கள். யாரோ செய்த களவுக்கு மச்சான் பெயரும் கெட்டது.

"வடிவத்தையும் பனிக்குப் பின்னாடி தள்ளிடலாம் சார். அப்ப ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்" என்று இவள் கேட்டாள்.

"எவ்வளவு நாள் ஆகும்?" என்று அவசரம் புரோகிராமரைக் கேட்டார்.

"ரெண்டு வாரம். அப்புறம் சோதிக்கணும்."

"வெள்ளிக்கிழமை ஏதாவது செஞ்சாகணும். வடிவம் போட்டா பொதுத்தடம் திறக்காது, தனியா ஓட்டிக்கட்டும். பேருக்குப் பக்கத்துல ஒரு அடையாளம் வந்துடட்டும். அரை நாள் வேலை." பிறகு இவள் பக்கம் திரும்பி, "கண்ணு ஒண்ணு, குறுக்க ஒரு கோடு. பாத்ததும் புரியணும். நீங்களே வரைஞ்சிடுங்க" என்றிருக்கிறார்.

அந்தக் கட்டடத்து லிஃப்ட் எங்கள் கம்பெனியுடையது அல்ல. இருந்திருந்தால் அவசரத்தை இரண்டு மாடிக்கு நடுவில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்திருப்பேன். வரைய மாட்டேன் என்று சொல்லிவிட்டு வா, வேலை போனால் போகட்டும் என்று அவளிடம் சொன்னேன்.

"நான் வரையலைன்னா வேற யாராவது வரைவாங்க. பச்சை மேல சிவப்பாப் போடுவாங்க. அவனுக்கு அது கண்ணுலயே படாது. தடம் ஏன் திறக்கலைன்னு புரியாம தட்டிக்கிட்டே இருப்பான்" என்றாள்.

அவளே வரைந்தாள். கறுப்பு வட்டம், உள்ளே வெள்ளைக் கண், குறுக்கே தடித்த வெள்ளைக் கோடு. அவள் கையால் வந்ததில் அவ்வளவு சுத்தமான படத்தை நான் பார்த்ததில்லை. தம்பியிடம் முன்கூட்டியே சொல்ல இரண்டு முறை போனை எடுத்தாள், இரண்டு முறையும் வைத்துவிட்டாள். சொல்லேன் என்று நானும் வற்புறுத்தவில்லை, எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனே கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, பேருக்குப் பக்கத்துல ஒரு கண்ணு வந்திருக்கே. நீ வரைஞ்சதா?"

"ஆமாடா."

"நல்லாத் தெரியுதுக்கா. தூரத்துலேர்ந்தே தெரியுது."

கடையில் ஆள் வந்திருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டான். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் எதுவும் கேட்கவில்லை.

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "குத்திக் காட்றானா, நிஜமாத்தான் சொல்றானா?"

"நிஜமாத்தான் சொல்றான்" என்றேன். எனக்கு அவனைத் தெரியும், அவனுக்குக் குத்திப் பேச வராது. குத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.