‘தொடரு’ என்று சொல்லும் வரை

பொடிசுகள் அவளுக்கு வைத்த பெயர் வயர் அக்கா. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மூன்று வயர் துண்டுகள் தலை நீட்டிக்கொண்டிருக்கும். இன்று லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ப்ரோகிராம் எழுதுகிறாள். அன்று பன்னிரண்டாம் வகுப்பு. சனிக்கிழமை மதியங்களில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னவர்களுக்கு ரோபோ செய்யச் சொல்லிக்கொடுப்பார்கள். நான் கம்ப்யூட்டர் வாத்தியார், லேப் பொறுப்பு என் தலையில். எனக்கோ பிள்ளைகளின் இரைச்சல் ஆகவே ஆகாது. இவள் குழுவில் மட்டும் அவ்வப்போது ஒரு சிரிப்பைத் தவிர சத்தமே இருக்காது, அதனால் இவளை எனக்குப் பிடிக்கும். சத்தமில்லாத பிள்ளைகளைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அவள் முறையே தனி. யாரும் முதலில் மெஷினைத் தொடக் கூடாது, தானே மெஷினாக வேண்டும். ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். இன்னொன்று “முன்னால ஒரு அடி”, “வலது பக்கம் திரும்பு” என்று கட்டளை போடும்.

“ரோபோவுக்குப் பேர் கிடையாது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பாது. சிரிக்காது, பதில் பேசாது. சிரிச்சா அவுட்டு!” என்பாள் வயர் அக்கா.

பொடிசுகள் எவ்வளவு நேரம் தாங்கும்? கொல்லென்று சிரித்துவிடும்.

சுண்டு மட்டும் சிரிக்க மாட்டாள். மூன்றாம் வகுப்பு, எங்கள் பள்ளி டைப்பிஸ்ட்டின் ஒரே மகள். அவள் கண்ணை மூடி நின்றால் முகத்தை விட்டு ஏதோ ஒன்று வெளியே போய்விடும். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டாள். எனக்கு உடம்பு சில்லிடும். வயர் அக்காவுக்கோ பெருமை பிடிபடாது.

“இவதான் சார் சரியான மெஷின்!”

அந்தச் சனிக்கிழமை ‘காத்திரு’ என்ற கட்டளையைப் பற்றிய பாடம். சிக்னல் வரும்வரை மெஷின் நின்ற இடத்திலேயே நிற்கும். லேபுக்குப் பின்னால் பழைய கம்ப்யூட்டர்களை அடைத்துவைத்த ஸ்டோர் ரூம். சுண்டுவை வயர் அக்கா அங்கே அலமாரிக்குப் பின்னால் நிறுத்தி, “நான் ‘தொடரு’ன்னு சொல்ற வரைக்கும் காத்திரு” என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்த சூட்டோடு பக்கத்து மேஜையில் ஒரு பேட்டரி உப்பிப் புகைய ஆரம்பித்தது. நான் மெயினை அணைத்து, தொண்டை கிழியக் கத்தி, எல்லோரையும் வெளியே விரட்டி வீட்டுக்கு அனுப்பினேன். இருமிக்கொண்டிருந்த ஒரு பொடிசைக் கைப்பிடித்து அழைத்துப்போனாள் வயர் அக்கா. அந்தக் களேபரத்தில் சுண்டு அவள் நினைவிலிருந்து நழுவிவிட்டாள்.

பொழுது சாயும்போது டைப்பிஸ்ட் வந்து, “என் பொண்ணு எங்க சார்?” என்றாள். இரண்டு பேரும் தேடக் கிளம்பினோம்.

மாடிப்படி, கழிப்பறை, சாலை என்று தேடாத இடமில்லை. ஸ்டோர் ரூமிலும் வாசலில் நின்றபடியே செல்போன் வெளிச்சத்தை அடித்தேன். அடுக்கடுக்காகப் பழைய மானிட்டர்கள், ஒவ்வொன்றிலும் எங்கள் முகம். “சுண்டு! கண்ணு!” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு டைப்பிஸ்ட்டுக்குக் குரல் போனது. பதில் இல்லை. ஆனால் யாரோ உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. பைத்தியக்காரத்தனம் என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

நான் போன் செய்ததும் வயர் அக்கா செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. இருட்டைப் பார்த்து நின்று, “தொடரு” என்றாள்.

உள்ளே ஒரு காலடி கேட்டது. பிறகு இன்னொன்று. அவசரமே இல்லாமல், அளந்து வைத்த மாதிரி. மூடிய கண்ணோடு, முடியெல்லாம் ஒட்டடையோடு சுண்டு வெளியே வந்தாள். அம்மா பாய்ந்து கட்டிக்கொண்டாள். பிள்ளையின் கைகள் கட்டை மாதிரி தொங்கின, நடை நிற்கவில்லை.

“நிறுத்து! முடிஞ்சுது, முடிஞ்சுது!” என்று அலறினாள் வயர் அக்கா.

கண் திறந்தது.

“நான் கூப்பிட்டது கேக்கலையாடி?” என்றாள் அம்மா.

“கேட்டுச்சும்மா. நீ அழுததும் கேட்டுச்சு. எனக்கும் அழுகையா வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.”

பிறகு அம்மாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “நான் சரியா செஞ்சேனா அக்கா?” என்றாள்.

அம்மாவும் திரும்பி வயர் அக்காவைத்தான் பார்த்தாள்.